உக்கிராணக்காரனின் நோட்டுப் புத்தகம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தேன். செக்ரோல் என்கிற ஆள்வரவு, சம்பளப் பதிவேட்டை எழுதுவதும் ஸ்டோர் சாவி வைத்திருப்பதும் என் வேலை. உரமூட்டை ஒன்று குறைந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். அதில் ஒரு மூட்டைகூட என்னுடையது இல்லை. பைபிளில் ‘உக்கிராணக்காரன்’, அதாவது எஜமானின் பொருளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவன், என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்டோர் ஞாபகம்தான் வரும். வரம் பெற்ற ஒவ்வொருவரும் உக்கிராணக்காரரைப் போல நடக்க வேண்டும் என்கிறார் பேதுரு (1 பேதுரு 4:10). இப்போது சபையில் காணிக்கைக் கணக்கு பார்க்கிறேன். புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகள், “அங்கிள், எங்கிருந்து ஆரம்பிப்பது?” என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதுதான் இது.

முதலில் ஸ்டாக் எடுங்கள். பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். பணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மோட்டார் சைக்கிள், தையல் மிஷின், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ரம்புத்தான் மரம், மலாய் பாரம் நிரப்பத் தெரிவது, சனிக்கிழமை மத்தியானம் சும்மா இருப்பது, எல்லாவற்றையும் எழுதுங்கள். என் மனைவியை எழுதச் சொன்னபோது “ஒன்றுமில்லை” என்று ஒரே வரி எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிள்ளை பிறந்தால், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

மத்தேயு 25-இல் இயேசு சொன்ன கதையில், எஜமானிடம் ஒரே ஒரு தாலந்து வாங்கி அதை மண்ணில் புதைத்து வைத்தவனைப் பார்த்து, பாவம், அவனுக்குக் கொஞ்சம்தானே கிடைத்தது என்று நினைக்கிறோம். அந்தக் காலத்தில் ஒரு தாலந்து என்றால் கூலியாள் ஒருவனின் சுமார் 6,000 நாள் சம்பளம். மண்ணில் அவன் புதைத்தது ஏறக்குறைய இருபது வருட உழைப்பு.

அப்புறம் சம்பள நாள். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை (ரிங்கிட்) வைத்தே சொல்கிறேன். ஓய்வுக்காலத்துக்கான சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, பிடித்துவிடுவார்கள். மற்ற பிடித்தமும் போக, கைக்கு ஏறத்தாழ 1,500 வரும். அன்றைக்கு சாயங்காலமே கவர்களில் பிரித்துவிடுங்கள். காணிக்கைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, அடுத்தவர் அவசரத்துக்கு ஒன்று. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொன்னார் பவுல் (1 கொரிந்தியர் 16:2). மிஞ்சினால் போடலாம் என்று இருந்தால் எதுவும் மிஞ்சாது. முப்பது வருடம் சம்பளம் பிரித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

தசமபாகத்தை, அதாவது காணிக்கையாகக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கை, மொத்தச் சம்பளத்தில் எடுப்பதா, கைக்கு வந்ததில் எடுப்பதா என்று சபையில் சண்டையே நடந்திருக்கிறது. எனக்கு அதில் அக்கறை இல்லை. மளிகைக்கடைப் பாக்கியை நிறுத்திவைத்துவிட்டு நீங்கள் போடும் காணிக்கை, கடைக்காரர் போட்ட காணிக்கை. கடன் இருந்தால் ஐந்து விழுக்காட்டில் தொடங்குங்கள், கடன் அடைய அடைய ஏற்றுங்கள். இல்லாததை ஆண்டவர் கேட்கவில்லை, உள்ளதின்படிதான் ஏற்றுக்கொள்கிறார் (2 கொரிந்தியர் 8:12).

கூட்டு, அதாவது சீட்டு, பிடிக்காதீர்கள். 1971-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாகிவிட்டது. தெரிந்தும் நான் சேர்ந்து 1,200 வெள்ளியை விட்டேன். கூட்டு நடத்தியவர் ஒரே ராத்திரியில் லயத்தைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். சின்னப் பணத்தைச் சேர்த்தாலே ஆபத்து என்று இதை வைத்து நினைக்க வேண்டாம். 1960-இல் எங்கள் ஊர் எம்.பி. துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், பாட்டாளிகளின் சிறுபணத்தில்தான் தோட்டங்களை வாங்கியது. அதற்குப் பதிவு இருந்தது, ரசீது இருந்தது. பணத்தை யாரிடம் கொடுத்தாலும் அந்த இரண்டையும் கேளுங்கள். சபையில் கொடுத்தாலும் கேளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

திறமையைக் கொடுப்பதற்கும் அளவு வேண்டும். எங்கள் வாலிபர் ஒருவர் நன்றாக மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்வார். “எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு, மூன்றே மாதத்தில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை மட்டும், சபை வாசலில் உட்காருகிறார். செக்ரோலில் அரை நாள் வேலைக்கு அரைப்பேர் போடுகிற மாதிரிதான் இது. எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது.

மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும் நோட்டைத் திறந்து கணக்குப் பாருங்கள். எந்தக் கவர் சீக்கிரம் காலியாயிற்று, எது தொடாமலே கிடக்கிறது என்று குறித்துக்கொண்டு அடுத்த மாதத்துக்கு மாற்றுங்கள். என் மனைவி எழுதிய “ஒன்றுமில்லை”யை நான் அடிக்கவில்லை. அதற்குக் கீழே தேதி போட்டு நானே எழுதி வருகிறேன். இந்த மாதம் இரண்டு குழந்தைகள், ஒன்று இரட்டைப் பிள்ளையில் மூத்தது. இளையது இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது.