வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம்: பத்து லிட்டர் டேங்க் அளவு

வெண்டையில் தத்துப்பூச்சி, கத்தரியில் வெள்ளை ஈ, மிளகாயில் இலைப்பேன். இவற்றை ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால் மருந்துக் கடைக்குப் போகும் முன் வேப்பங்கொட்டைக் கரைசலைத்தான் அடித்துப் பார்க்க வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் தேவைப்பட்டால் கீழுள்ள அளவுகளை இருபதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பருப்பு. ஓடு நீக்கிய வேப்பம்பருப்பு 500 கிராம். பலரும் கொட்டையை ஓட்டோடு எடை போட்டுவிடுகிறார்கள். கரைசல் பாதி வீரியத்தில் நின்றுவிடும். ஓட்டோடு என்றால் ஏறத்தாழ ஒரு கிலோ எடுங்கள். எட்டு மாதம் தாண்டிய கொட்டை வேண்டாம். ஆனி, ஆடியில் பொறுக்கியதைச் சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, சாக்கில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இடித்தல். உரல்தான் நல்லது. மிக்ஸியில் ஓட்டினால் சூட்டில் எண்ணெய் கக்கி, பிண்ணாக்கு மாதிரி கட்டிதட்டிவிடும். கொரகொரப்பாக இருந்தால் போதும்.

ஊறவைத்தல். ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க. காலையில் மரக்குச்சியால் பால் நிறம் வரும்வரை கலக்கி, பழைய வேட்டியை இரட்டையாக மடித்து வடிகட்டுங்கள். சக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று முறை பிழிந்து, மொத்தம் 10 லிட்டர் ஆக்குங்கள். ஒற்றைத் துணியில் வடித்தால் தெளிப்பானின் நாசில் (முனை) அடைக்கும்.

சோப்பு. வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். காதி சோப்பு 20 கிராம் சீவி, கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரைத்து, கடைசியில் சேர்க்க வேண்டும். கட்டியாகப் போட்டால் கரையாது. போடாமல் விட்டால் கரைசல் இலையில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். அதிகம் போட்டால் இலை கருகும்.

பின்சேர்க்கை: போர்வெல் தண்ணீரில் சோப்பு வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதக்கிறதே என்று பலர் கேட்டிருந்தீர்கள். அது உப்புத் தண்ணீர். மழைநீரோ குளத்து நீரோ எடுங்கள். வழியில்லை என்றால் சோப்புக்குப் பதில் உரக்கடையில் கிடைக்கும் ஒட்டுத் திரவத்தை டப்பாவில் போட்ட அளவுப்படி சேருங்கள். காரத்தன்மை கூடிய தண்ணீர் வேம்பின் வீரியத்தையும் குறைக்கும்.

தெளித்தல். மாலை மூன்றரைக்கு மேல். வேம்பிலுள்ள வீரியப் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும். கூம்பு நாசிலை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். பூச்சி உட்கார்ந்திருப்பது அங்கேதான். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

மறுநாள் பூச்சி செத்துக் கிடக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம். இது பூச்சியைத் தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் தடுக்கிறது; பலன் தெரியச் சில நாள் ஆகும். வாரம் பத்து நாள் இடைவெளியில் மறுபடி அடியுங்கள்.

கத்தரியில் தண்டு, காய்த் துளைப்பான் புழு உள்ளே போய்விட்டால் இந்தக் கரைசல் அதைத் தொடாது. கொழுந்து வாடித் தொங்கினால் துளைக்குக் கீழே கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள். சொத்தைக் காயையும் வரப்பில் வீசாமல் அதோடு சேர்த்தே எரியுங்கள்.