ஒரு பகுதிக்கு ஒருவர்: புதிய சேம்பர் இசைக்குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மேற்கத்திய இசையைத் தாளில் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பாமாலை என்னும் கிறிஸ்தவப் பாடல் புத்தகத்தின் பாட்டுகளை நான்கு குரல்களில் பாடிப் பழகிய சபைகளும், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளுக்காக வயலின் பயிலும் பிள்ளைகளும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் எனப் பல ஊர்களிலும் உண்டு. ஆகவே நான்கைந்து பேர் கூடி, இருபதாம் நூற்றாண்டின் படைப்புகளையும் அதற்குப் பிந்தியவற்றையும் வாசிக்க ஒரு சிறு குழுவைத் தொடங்க எண்ணுவது இயல்பே. ஆனால் நம்மை வளர்த்த பாடகர் குழுவின் பழக்கங்களே அங்கே முதலில் காலை வாருகின்றன. கொயரில் ஒருவர் சுருதி பிசகினால் பக்கத்தில் நிற்கும் மூவர் அதை மூடிவிடுவார்கள். சிறு குழுவுக்கென எழுதப்பட்ட சேம்பர் இசையில் ஒரு பகுதிக்கு ஒருவர்தான் என்பதால் மூடுவதற்கு ஆளில்லை. முன்னால் நின்று கைவீசி நடத்துபவரும் பெரும்பாலும் இருப்பதில்லை.

படைப்பின் பெயரில் மயங்கி, அதற்கு எந்தெந்தக் கருவிகள் வேண்டும் என்று பாராமல் இறங்குவது முதல் தவறு. தந்தி நால்வர் குழுவுக்கு இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, அதைவிடப் பெரிதாய் உட்கார்ந்து வாசிக்கும் ஒரு செல்லோ தேவை. நம் ஊரில் வயலின்காரர்கள் கிடைக்கும் அளவுக்கு வியோலா வாசிப்பவர்கள் கிடைப்பதில்லை. அந்தப் பகுதியை மூன்றாவது வயலினுக்குக் கொடுத்துவிடலாம் என்பது பலருக்கும் தோன்றும் குறுக்குவழி. வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி ‘ஜி’ ஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது, வியோலா அதற்கும் கீழே ‘சி’ வரை இறங்குகிறது. அந்தக் கீழ் ஸ்வரங்களை மேலே தூக்கி வாசித்தால் இசையின் நடுப்பகுதியே கரைந்துபோகும். பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியான் 1941 ஜனவரியில் ஜெர்மானியப் போர்க்கைதி முகாமில் அரங்கேற்றிய நால்வர் படைப்பில் வயலின், கிளாரினெட், செல்லோ, பியானோ என்ற விசித்திரமான சேர்க்கை இருப்பதற்குக் காரணம், அங்கே இருந்த கலைஞர்கள் அவர்களே என்பதுதான். இருப்பவர்களைப் பார்த்துப் படைப்பைத் தேடுவது கௌரவக் குறைவு அல்ல. அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி 1964-இல் எழுதிய ‘இன் சி’ 53 சிறு சொற்றொடர்களால் ஆனது. அதை எந்தக் கருவியிலும் வாசிக்கலாம். ஆனால் அடுத்த சொற்றொடருக்கு எப்போது நகர்வது என்பதை ஒவ்வொருவரும் மற்றவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கேளாமல் வாசித்தால் அது வடசேரிச் சந்தையின் காலைநேர இரைச்சலாகிவிடும்.

இரண்டாவது தவறு, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரியது: தன் பகுதியை மட்டும் வீட்டில் மனப்பாடமாக வாசித்துவிட்டு ஒத்திகைக்கு வருவது. பாமாலையில் சோப்ரானோ என்னும் மேல்குரல் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே மற்றக் குரல்கள் நடக்கும். புதிய இசையில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு மெட்டு பல நேரங்களில் இருக்காது. பதினொரு அளவுகள் (தாளில் கோடிட்டுப் பிரித்த தாளக் கட்டங்கள்) ஓய்வு என்று தாளில் இருந்தால் விரலால் எண்ணிக்கொண்டிருப்பதைவிட, எல்லோருடைய பகுதிகளும் சேர்ந்திருக்கும் முழு ஸ்கோரைத் திறந்து, நாம் நுழைவதற்குச் சற்று முன் செல்லோ என்ன செய்கிறது என்று பார்த்துப் பென்சிலால் நம் தாளில் குறித்துக்கொள்வது மேல். எங்கள் குழு தொடக்கத்தில் கீபோர்டின் ரிதத்தை ஓடவிட்டு ஒத்திகை பார்த்தது. இரண்டு வாரம் கழித்து அதை நிறுத்தியவுடன் நால்வரும் நான்கு திசையில் போனோம். ஏனென்றால் அதுவரை நாங்கள் கேட்டது அந்த இயந்திரத்தைத்தான், ஒருவரையொருவர் அல்ல. தொடங்குபவரின் மூச்சும் வில் எழும் வேகமுமே மற்றவர்களுக்குத் தாளம் சொல்ல வேண்டும்.

அளவுக்கு அளவு மாறும் ஐந்து, ஏழு எண்ணிக்கைகளைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு நம் மரபே கைகொடுக்கும். ‘தக தகிட’ என்றும் ‘தகிட தக திமி’ என்றும் வாயால் சொல்லிப் பார்த்தால் ஐந்தும் ஏழும் உடலில் இறங்கிவிடும். ஆனால் ஏழு என்றால் மிஸ்ர சாப்புதான் என்று எண்ணிவிடக் கூடாது. இசையமைப்பாளர் மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்திருக்கிறாரா, மூன்றைக் கடைசியில் வைத்திருக்கிறாரா என்பதைத் தாளில் பார்த்த பிறகே சொற்கட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சுருதியிலும் கீபோர்டே வழிமறிக்கிறது. அதில் அரை ஸ்வரங்கள் எல்லாம் சம அளவில் வெட்டப்பட்டவை. தந்திக் கருவிகள் மட்டும் சேர்ந்து ஒலிக்கும்போது பெரிய மூன்றாம் ஸ்வரத்தைக் கீபோர்டில் உள்ளதைவிடச் சற்றே, அதாவது அரை ஸ்வரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு, தாழ்த்தினால்தான் அது அசையாமல் நிற்கும். தம்பூரா நாதத்தில் அந்தர காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல. பியானோ சேரும் படைப்புகளில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே பியானோவுக்கே இணங்க வேண்டும். கர்நாடக இசை கற்றவர் குழுவில் இருந்தால், கால் ஸ்வரத்தைக் குறிக்கும் இடங்களைக் கமகமாக அசைத்துவிடாமல், குறித்த இடத்தில் நிறுத்தி வாசிக்க அவர் தனியே பழக வேண்டியிருக்கும்.

ஸ்கோரின் முதல் பக்கத்தில் உள்ள குறிப்புகளைப் படிக்காமல் தாண்டிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ என்னும் மரத்துண்டுக்கு அருகில் வில்லை இழுப்பது, வில்லின் கட்டையால் தட்டுவது, தந்தி பலகையில் மோதும்படி சுண்டுவது ஆகியவற்றுக்கெல்லாம் தனிக் குறிகள் உண்டு. ஒரே குறியை இரண்டு இசையமைப்பாளர்கள் வேறு வேறு பொருளில் எழுதுவதும் உண்டு. கட்டையால் தட்டும் இடங்களுக்கு நல்ல வில்லைப் பயன்படுத்தாமல் விலை குறைந்த இன்னொரு வில்லை வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கிரம்ப் 1970-இல் எழுதிய நால்வர் படைப்பில் வாசிப்பவர்களே கண்ணாடிக் கோப்பைகளையும் காங்கு என்னும் உலோகத் தட்டுகளையும் ஒலிக்க வேண்டும். அதைக் கேட்டதே 1973-இல் வயலின் கலைஞர் டேவிட் ஹாரிங்டன் க்ரோனோஸ் என்ற தந்தி நால்வர் குழுவைத் தொடங்கக் காரணமாயிற்று. பியானோ கம்பிகளுக்கிடையே திருகாணி செருகச் சொல்லும் படைப்பைக் கீபோர்டில் வாசிக்க வழியே இல்லை. சபையின் பியானோவில் அதைச் செய்வதாக இருந்தால் அனுமதி முன்கூட்டியே வேண்டும். பிறகு கேட்டால் நட்பும் போகும்.

மைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரம்பின் அந்தப் படைப்பு ஒலிபெருக்கிக்காகவே எழுதப்பட்டது. பெரும்பாலான படைப்புகள் அப்படியல்ல. சபைகளின் கன்வென்ஷன் கூட்டப் பந்தலுக்குப் பழகிய ஒலியமைப்பாளர் அன்போடு எக்கோவைத் திறந்துவிட்டால், எழுதப்பட்ட மௌனங்கள் எல்லாம் நிரம்பிவிடும். நூறு பேர் அமரும் கூடத்தில் மைக் இன்றி வாசிப்பதே சரி. மின்விசிறிக்குக் கீழே தாள்களைக் கிளிப் இல்லாமல் வைக்கக் கூடாது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் தகரக் கூரைக் கூடத்தில் மெல்லிய இசைக்குத் தேதி குறிப்பது வீண். ஈரத்தில் முறுக்காணிகள் இறுகும், ஒட்டிய மரம் விட்டுக்கொடுக்கும். அதற்காகக் கருவியை வெயிலில் காயவைப்பது இன்னும் கெடுதல்.

தாள்களை நகலெடுத்துக்கொள்வது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. 1945-இல் மறைந்த ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் படைப்புகள் இங்கே பொதுவுடைமை; 1992-இல் மறைந்த மெஸ்ஸியானுடையவை அல்ல. அமெச்சூர் சங்கம் கட்டணமின்றி வாசிப்பதற்கும், சமய நிறுவனத்தின் நலனுக்காக வாசிப்பதற்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அது வாசிப்புக்கான விலக்கே தவிர நகலெடுப்பதற்கானது அல்ல. சில படைப்புகளின் பகுதிகள் வாடகைக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால் தேதி முடிவானதும் பதிப்பாளருக்கு எழுதிவிட வேண்டும்.

கடைசி ஸ்வரம் அடங்கியவுடன் வில்லை இறக்கித் தாளைப் புரட்டுவது மேடையில் நடக்கும் தவறு. பல புதிய படைப்புகளின் முடிவில் ஓய்வு அளவுகள் எழுதப்பட்டிருக்கும். அவையும் வாசிக்க வேண்டியவையே. இசை முடிந்ததா இல்லையா என்று முதல் வரிசையில் இருப்பவர் தயங்கும் அந்த நொடிகளில் நால்வரின் வில்லும் அந்தரத்தில் நிற்க வேண்டும். யார் முதலில் இறக்குவது என்பதையும் ஒத்திகையிலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.