வெர்டிகல் ஆன்டெனாவுக்கு ரேடியல் புதைக்கிறது எப்படி

ஹாம் ரேடியோவுல 40 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் சுமார் 40 மீட்டர்) பத்து மீட்டர் உயரத்துல வெர்டிகல், அதாவது நேரா நிக்கிற ஆன்டெனா நட்டாச்சு, எஸ்டபிள்யூஆரும் (அனுப்புற பவர் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற அளவு, 1 வந்தா பிரமாதம்) நல்லா காட்டுது, ஆனா கூப்பிட்டா யாருக்கும் கேக்கலையா? அப்போ பாதி ஆன்டெனாதான் இருக்கு, மீதி பாதி, அதாவது ஆன்டெனா அடியிலிருந்து சுத்திலும் விரியுற ரேடியல் கம்பிகள், மண்ணுக்குள்ள போகணும். எர்த் ராடு அடிச்சிருக்கேனேன்னு சொல்லாதீங்க, அது இடி மின்னலுக்கு. ஆர்எஃப் (ரேடியோ அலை) கரண்ட் திரும்பி வர காப்பர் கம்பி இல்லேன்னா உங்க பவர் மண்ணைத்தான் சூடாக்கும்.

வீட்டு வயரிங்குக்கு வாங்குற 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், 90 மீட்டர் காயில் ஒண்ணு போதும். 5.5 மீட்டரா வெட்டினா 16 துண்டு. இன்சுலேஷன் உரிக்க வேணாம், நீளம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பரவால்ல, எண்ணிக்கைதான் முக்கியம். (1937ல பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூணு பேரும் 113 கம்பி வரைக்கும் புதைச்சு அளந்தாங்க, ஒலிபரப்பு டவருக்கு அடியில 120 கம்பி போடுற வழக்கம் அதுக்கப்புறம் வந்ததுதான். நமக்கு 16 தாராளம்.)

நடுவுல சேர்க்க எவர்சில்வர் தட்டு எடுங்க, ட்ரில்லை மெதுவா ஓட்டி எண்ணெய் விட்டு ஓட்டை போடுங்க. கம்பி முனையில லக் (ஓட்டை வச்ச உலோக முனை) வச்சு நசுக்கி கிரிம்ப் பண்ணி, எஸ்எஸ் (எவர்சில்வர்) போல்ட்ல முடுக்குங்க. நான் முதல்ல சோல்டர் மட்டும் வச்சு புதைச்சேன், ஒரு மழைக்காலத்துலயே பச்சை பூத்து கையோட வந்துருச்சு.

மழை பெஞ்ச மறுநாள் கடப்பாரையோட தட்டை முனையை குத்தி அசைச்சா மண்ணு வாய் திறக்கும், கம்பியை உள்ள அழுத்தி மிதிச்சு விடுங்க. ரெண்டு விரக்கடை ஆழம் போதும், ஆழமா போனா நஷ்டம்தான்.

இப்போ நான் மாட்டிக்கிட்ட இடம். நாலு ரேடியல்ல எஸ்டபிள்யூஆர் 1.1, எட்டுல 1.2, பதினாறு போட்டதும் 1.4! எங்கயோ தப்புன்னு மூணு கம்பியை திரும்ப தோண்டிட்டேன். தப்பே இல்லைங்க. அந்த வெர்டிகலோட சொந்த ரெசிஸ்டன்ஸ் சுமார் 36 ஓம்தான், மண்ணோட நஷ்டம் ஒரு 14 ஓம் சேர்ந்துதான் அழகா 50ன்னு காட்டிட்டு இருந்துச்சு. நஷ்டம் குறையக் குறைய 36 பக்கம் இறங்கும், 50 ஓம் கோக்ஸுக்கு (ரேடியோவுல இருந்து ஆன்டெனாவுக்கு போற கேபிள்) அது 1.4. அதாவது மீட்டர்ல நம்பர் ஏறினது நல்ல செய்தி.

பின்னாடி சேர்த்தது: ரெண்டு பேர் கேட்டாங்க. அலுமினியம் ஒயர் மண்ணுக்குள்ள வேணாம், அரிச்சுடும். காம்பவுண்டு சுவர் குறுக்க வந்தா கம்பியை சுவரோரமா வளைச்சு விடுங்க, வேலை செய்யும்.