மூளைக் காயத்தின் பின் பேச்சுத் தடைப்பட்டவருடன் வீட்டில் பயிற்சி செய்வது எப்படி

பாரிசவாதத்தினாலும், மோட்டார் சைக்கிள் விபத்தில் தலை அடிபட்டதனாலும், பனையிலிருந்தோ கூரையிலிருந்தோ விழுந்ததனாலும், இறுதிப் போரில் தலையில் ஏறிய செல் துண்டினாலும் பேச்சுத் தடைப்பட்டவர்களை வன்னியின் பல கிராமங்களில் காணலாம். ஊர் இவர்கள் அனைவரையும் "வாய் கட்டிப்போச்சு" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடும். வட்டக்கச்சியில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு வலது கையும் காலும் இழுத்துப் பேச்சும் நின்றபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். பேச்சுச் சிகிச்சையாளரை நாங்கள் கண்டது மாதத்தில் ஒரு தடவை, அரை மணி நேரம். மிகுதி நாள்களில் அவருடன் கதைத்தவர்கள் சித்தியும் நானும் வந்துபோன அயலவர்களும்தான். ஆகவே இவ்வழிகாட்டி, நோயாளியின் நாக்கிலும் பார்க்க, அவருக்கு முன்னால் அமர்ந்திருப்பவரின் பழக்கத்தைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறது.

எது தடைப்பட்டிருக்கிறது?

பெரும்பாலானோருக்கு மொழி மூளையின் இடப்பக்கத்தில் தங்கியிருக்கிறது. அதே இடப்பக்கம்தான் உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது என்பதால், வலக்கை விழுந்தவருக்குப் பேச்சும் போவதை அடிக்கடி காண்கிறோம். 1861 இல் போல் புரோக்கா என்ற பிரெஞ்சு வைத்தியர், "டான்" என்ற ஓரசையைத் தவிர வேறு சொல் வராதிருந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியில் இருந்த காயத்தை எடுத்துக்காட்டினார். இவ்வாறு மொழியே தடைப்படுவதை மொழியிழப்பு, அதாவது அஃபேசியா என்பர். சிலருக்குச் சொல் வராது, ஆனால் பிறர் சொல்வது பெருமளவு விளங்கும். வேறு சிலருக்குச் சொற்கள் தாராளமாக வரும், ஆனால் பொருள் இராது, கேட்பதும் சரியாக விளங்காது. எழுத்தும் வாசிப்பும் பெரும்பாலும் கூடவே பாதிக்கப்படுவதால், "பேசாவிட்டால் எழுதிக் காட்டுங்கோ" என்று பேனையைக் கொடுப்பது அவருக்கு இரண்டாவது தோல்வியாகவே முடியும்.

மொழி முழுமையாக இருந்து, உதடும் நாக்கும் தளர்ந்து பேச்சுக் குழறுவது வேறு. இவர் சரியாக எழுதுவார், கேட்பதும் விளங்கும். தசை தளராமல், வாயை எப்படி வைப்பது என்ற ஒழுங்கு மட்டும் குலைந்தவர் ஒரே சொல்லை மூன்று தடவை மூன்று விதமாகப் பிழைப்பார். ஆனால் எண்ணிக்கையோ கோபத்தில் வரும் ஏச்சோ பிசகாமல் வந்துவிடும். தலை அடிபட்டவர்களில் பலர் நான்காவது வகையினர்: சொல்லுக்குக் குறைவில்லை, ஆனால் சொன்னதையே சொல்வார்கள், பேச்சின் நூலை விட்டுவிடுவார்கள், செத்தவீட்டில் சிரிப்பார்கள். ஒருவரிடம் இவற்றில் இரண்டு கலந்தும் இருக்கலாம். எனவே ஒரு கிழமை அவரைக் கவனித்து, வந்த சொற்களை வந்தபடியே ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதற்கு முன் காதையும் பாருங்கள். செல் வெடிப்புக்கு அருகில் இருந்தவர்களுக்குக் கேள்வி குறைந்திருப்பது உண்டு; கேளாத ஒருவரை விளங்காதவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கண்ணாடியும் கட்டுப்பல்லும் அணிந்திருக்கிறாரா என்பதும் முக்கியம்.

பயிற்சிக்கு முன் சில எச்சரிக்கைகள்

பேச்சுத் தடைப்பட்டவருக்கு விழுங்குவதும் தடைப்பட்டிருக்கலாம். குடிக்கும்போது இருமல், குடித்தபின் குரல் ஈரமாக ஒலிப்பது, அடிக்கடி காய்ச்சலோடு நெஞ்சில் சளி கட்டுவது ஆகியவை இருந்தால், சிகிச்சையாளர் பார்க்கும்வரை உங்கள் யோசனையில் எதையும் மாற்றிக் கொடுக்காமல் வைத்தியசாலைக்குச் சொல்லுங்கள். நிமிர்த்தி இருத்தியே ஊட்ட வேண்டும். உண்டபின் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. வாய் திடீரெனக் கோணினாலோ, இருந்த பேச்சும் திடீரெனக் குறைந்தாலோ 1990 ஐ அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். கட்டிய இரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டியிருப்பதால், தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தலையில் செல் துண்டு இருப்பவருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பதாயின், அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அந்த இயந்திரம் வலிய காந்தம். பழைய தலைக்காயம் உடையவர்களுக்கு வலிப்பும் வரலாம். வலிப்புக்குப் பின் சில மணி நேரம் பேச்சுக் குறைந்திருப்பதும் உண்டு.

ஓமும் இல்லையும்

முதல் வேலை சொற்களைச் சேர்ப்பதன்று. "ஓம்", "இல்லை" என்ற இரண்டையும் உறுதிப்படுத்துவது. சித்தப்பா ஆரம்பத்தில் ஓம் என்று நினைத்து இல்லை என்றார். தேத்தண்ணி வேண்டாம் என்கிறார் என்று சித்தி கோப்பையை எடுத்துச் செல்ல, அவர் கட்டிலைக் குத்துவார். நம்மவரின் தலையாட்டலும் நம்பத் தகுந்ததன்று, பக்கவாட்டில் அசைத்தால் அது எதுவாகவும் இருக்கலாம். ஆகவே விடை தெரிந்த கேள்விகளை முதலில் கேளுங்கள்: "இது உங்கட வீடோ?", "நான் உங்கட தம்பியோ?" பத்துக் கேள்விகளில் எட்டுக்காவது விடை சரியாக வரும்வரை, அவரின் ஓமை வைத்து எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள். காணி உறுதியிலும் வங்கிப் பத்திரத்திலும் கைநாட்டு வாங்க ஆள்கள் வரும் வீடுகளில் இது சிறிய விடயமன்று. பெருவிரலை உயர்த்துவது ஓம், கையை விரிப்பது இல்லை என்று ஒன்றைத் தீர்மானித்து, வீட்டார் எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும். "என்ன வேணும்?" என்று வெறுமையாகக் கேளாமல், கோப்பையையும் தண்ணீர்ச் செம்பையும் இரு கைகளில் பிடித்து "தேத்தண்ணியோ, தண்ணியோ?" என்று கேட்டால் அவர் கண்ணாலாவது தெரிவுசெய்வார்.

சொல்லைத் தேடுதல்

அரிவரிப் புத்தகத்தைக் கொண்டுவந்து "அ, அம்மா" என்று சொல்லவைப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஐம்பது போகம் விதைத்து அறுத்த மனிதர் குழந்தையாகவில்லை. அவருக்கு அடைபட்டது வழி. அவருடைய வாழ்விலிருந்தே இருபது, முப்பது சொற்களைத் தெரிந்தெடுங்கள். சித்தப்பாவின் பட்டியலில் சித்தியின் பெயர், வெத்திலை, மண்வெட்டி, வரம்பு, உரம், வாய்க்கால், துருசு (குளத்து மதகு) ஆகியவை இருந்தன. நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் போதும். காலையில், வானொலியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மூளைக் காயமுற்றவர் விரைவில் களைப்பார், களைத்த மூளை பழகாது.

துருசைப் பழகிய காலையை இங்கே அப்படியே சொல்லலாம். அலைகரையில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் உதட்டைக் கூட்டினார், விட்டார். நான் பத்து வரை மனத்துக்குள் எண்ணினேன்; அந்தப் பத்தும் பெரும் நீளம். பிறகு சொல்லைச் சொல்லாமல் அதைச் சுற்றி நடந்தேன்: இது எங்கே இருக்கும், யார் திறப்பார், திறந்தால் என்ன வரும்? "தண்ணி" என்றார். சரி, தண்ணி வரும், எதைத் திறந்தால்? அமைதி. "து…" என்று முதலெழுத்தை மட்டும் கொடுத்தேன். "துவக்கு" (துப்பாக்கி) என்றார் உடனே, சொல்லிவிட்டுத் தாமே தலையில் அடித்துச் சிரித்தார். ஒலி வழியாக நெருங்கிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். நான் திருத்தவில்லை. "குளத்துத் தண்ணியை வயலுக்கு விட, திறக்கிறது…" என்று வசனத்தைத் தொடங்கி நிறுத்தினேன். துருசு வந்தது.

இந்த ஒழுங்கை மனத்தில் வையுங்கள்: காத்திருத்தல், பொருளைச் சுற்றிக் கேட்டல், முதலெழுத்து, முடியாத வசனம், கடைசியாக முழுச் சொல்லையும் நாமே சொல்லி அவரைத் திருப்பிச் சொல்ல விடுதல். மேலிருந்து கீழாகவே இறங்க வேண்டும். முதல் மூன்று மாதங்கள் நான் நேரே கடைசிப் படிக்குக் குதித்து, அவர் வாயைத் திறக்க முன்பே சொல்லைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்பு என்று நினைத்துச் செய்ததுதான். அவர் தேடவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஆனால் இது பயிற்சி நேரத்துக்குரிய ஒழுங்கு. சாப்பாட்டின்போது உப்பைக் கேட்கத் தவிப்பவரை அப்படிச் சோதிக்காமல் உப்பை நகர்த்திவிடுங்கள்.

பெயர்ச்சொற்களோடு நின்றுவிட்டால் அவர் பொருள்களைச் சுட்டுபவராகவே இருந்துவிடுவார். தமிழில் வசனத்தின் பாரமெல்லாம் வினைச்சொல்லில் இருப்பதால், ஒரு வினையை எடுத்து அதைச் சுற்றி ஆள்களையும் பொருள்களையும் கட்டுங்கள். "வெட்டு" என்றால், யார் எதை வெட்டுவார்? கமக்காரன் வாய்க்கால் வெட்டுவான், தையற்காரர் துணி வெட்டுவார், சித்தி மீன் வெட்டுவார். ஒரு வினையில் நான்கைந்து வசனங்கள் பிறந்தபின் அடுத்ததற்குச் செல்லுங்கள். வினையின் விகுதி பிழைப்பது இயல்பு. கோயில் ஐயரை "வந்தான்" என்பார், பேரனை "வாங்கோ" என்பார். இது மரியாதைக் குறைவன்று, விகுதிகளின் பெட்டி கவிழ்ந்திருக்கிறது. வருபவர்களுக்கு முன்கூட்டியே இதைச் சொல்லிவைப்பது அவமானங்களைத் தவிர்க்கும்.

ஒரு சொல்லும் வராதவர் தேவாரம் முழுவதையும் பாடுவதையோ, "அருள் நிறைந்த மரியே" செபத்தைத் தடங்கலின்றிச் சொல்வதையோ கண்டு வீட்டார் வியப்பதுண்டு. மனப்பாடமும் இசையும் பேச்சு வரும் வழியில் மட்டும் வருவதில்லை. பாடுவது மனத்துக்கு நல்லது, ஆனால் அது தானாகப் பேச்சாக மாறாது. 1973 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட இசையொட்டிய சிகிச்சை முறை, தேவையான வசனமொன்றையே இழுத்து, ஏற்றி இறக்கி, இடக்கையால் தட்டியபடி சொல்லப் பழக்குகிறது. "தண்-ணி தாங்-கோ" என்று நான்கு தட்டில் தொடங்கி, நாளடைவில் இராகத்தைக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்கு இறக்குங்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை, கேட்டு விளங்கக்கூடிய, ஆனால் சொல் வராதவர்களுக்கே கூடுதலாகப் பொருந்தும்.

தலை அடிபட்ட இளையவர்கள்

இவர்களில் பலருக்குச் சொற்பயிற்சி வேண்டியதில்லை. மறதியும் ஒழுங்கின்மையுமே இடர். "மறந்துபோட்டியோ?" என்று கேட்பதை நிறுத்துங்கள். மருந்து எந்த இறாக்கையில் இருக்கிறது என்பதை நீங்களே சொல்லி, ஒரு நிமிடத்தில் கேளுங்கள்; சரியென்றால் இரண்டு, நான்கு, எட்டு நிமிடங்கள் என்று இடைவெளியைக் கூட்டுங்கள். பிழைத்தால் விடையைச் சொல்லி முந்தைய இடைவெளிக்குத் திரும்புங்கள். ஊகித்துப் பிழைக்க விடாதீர்கள், பிழையும் நினைவில் பதிந்துவிடும். நாளின் வேலைகளை ஒரே கொப்பியில் ஒரே இடத்தில் எழுதி, கைத்தொலைபேசியில் மணி வையுங்கள். பேச்சு வழிதவறும்போது எரிச்சலின்றி "நாங்கள் உழவு மெசினைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தம்" என்று நினைவூட்டுவது போதும்.

வருபவர்களும் வட்ஸ்அப்பும்

கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரும் அழைப்புகள் பெரும்பாலும் "என்னைத் தெரியுதோ? பேரைச் சொல்லுங்கோ பாப்பம்" என்று பரீட்சையாகத் தொடங்குகின்றன. சித்தப்பா அதன்பின் தொலைபேசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார். அழைப்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: முகம் தெரியும் அழைப்பாகவே எடுக்கட்டும், ஒருவர் மட்டும் கதைக்கட்டும், தன் பெயரைத் தானே சொல்லட்டும், ஒரு செய்தியைச் சொல்லி ஓம் இல்லையில் முடியும் கேள்வி கேட்கட்டும். குடும்பப் படங்கள், ஊர்ப் படம், உடலில் நோகும் இடத்தைத் தொட்டுக்காட்ட ஓர் உருவம் ஆகியவை ஒட்டிய கொப்பி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வன்னியில் அநேக வீடுகளின் படங்களில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் இருப்பார்கள். அந்தப் பெயர்களைச் சொற்பயிற்சிக்கு எடுக்காதீர்கள். அவராகத் தொட்டுக்காட்டினால் மட்டும் உடனிருங்கள். பல நாள்கள் உண்ணாமலும் முகங்கொடாமலும் இருந்தால், அதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். மொழியிழப்போடு மனச்சோர்வு அடிக்கடி சேர்ந்து வரும்.

கிளினிக்குக்குச் செல்லும்போது

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் வைத்தியரிடம் பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சிலர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைவரை செல்ல வேண்டியிருக்கும். முன்னேற்றம் முதல் சில மாதங்களில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் வரும். ஆண்டுகள் கழிந்தும் நிற்பதில்லை என்பதால், 2009 இல் காயப்பட்டவரும் இன்று செல்லலாம். அமர்ந்து கதைக்கும் ஐந்து நிமிட வீடியோ ஒன்றை எடுத்துச் செல்லுங்கள், பஸ்ஸில் வந்த களைப்பில் அங்கே வழமையான பேச்சு வராது. சிகிச்சையாளர் சிங்களத்தில் மட்டும் பேசுபவராயின், மொழிபெயர்ப்பவர் நோயாளியின் பிழையைத் திருத்திச் சொல்லக் கூடாது. எங்களோடு வந்த அயலவர் ஒருவர் அன்பு மிகுதியால் சித்தப்பாவின் ஒவ்வொரு பிழைச் சொல்லையும் நல்ல வசனமாக்கிக் கொடுத்ததில், அவருக்குப் பெரிய குறையில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை கொப்பியைக் கொண்டுபோனோம். துருசின் படத்துக்குக் கீழே "துவக்கு" என்று திகதியோடு எழுதியிருந்ததைப் பார்த்த பின்னர்தான், சிகிச்சையாளர் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.