பஸ், லாரிக்கு மாட்யூலர் எல்இடி விளக்கு: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெயில், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் நான்கையும் ஒரே பெரிய டப்பாவில் அடைக்காமல் தனித்தனி மாட்யூலாகச் செய்தால் வசதிகள் நிறைய. ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். கரூரில் கட்டும் 12 மீட்டர் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் கட்டும் லாரிக்கும் ஒரே அச்சில் வார்த்த மாட்யூல் போதும். மேசைமேல் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் குறையில்லாமல் எரியும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் பூட்டி, ஒரே எர்த்தில் கட்டி, ஃபைபர் பேனலில் இறுக்கி, மழையில் ஓட விடும்போதுதான் சங்கதி வெளியே வரும். கீழே சொல்பவை பெரும்பாலும் மாட்யூலுக்குள் நடக்கும் தவறுகள் அல்ல. மாட்யூலும் வண்டியும், மாட்யூலும் மாட்யூலும் சேரும் இடத்தில் நடப்பவை.

24 வோல்ட் என்பதை 24 என்றே நம்புவது

இன்ஜின் ஓடும்போது 24 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ 28 வோல்ட் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போதும் பேட்டரி தளர்ந்திருக்கும்போதும் 18 வோல்ட்டுக்கும் கீழே போகலாம். இந்த இரண்டு எல்லைக்கும் கணக்குப் போடாமல், ஒன்பது சிவப்பு எல்இடியைத் தொடராக இணைத்து ஒரு ரெசிஸ்டர் போடுவது பரவலாக நடக்கும் தவறு. ஓர் எல்இடிக்கு 2.2 வோல்ட் என்றால் ஒன்பதுக்கு 19.8. தலைகீழ் இணைப்புக்குக் காவலாக வைக்கும் டயோடு 0.7 எடுத்துக்கொள்ளும். ஆக 20.5. ரெசிஸ்டருக்கு 24 வோல்ட்டில் மிஞ்சுவது 3.5 வோல்ட், 28 வோல்ட்டில் 7.5. அதாவது, 20 மில்லி ஆம்பியர் என்று நினைத்து வைத்த எல்இடி, வண்டி ஓடும் நேரமெல்லாம் 43 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. சில மாதங்களில் ஒளி மங்கும். பேட்டரி இறங்கிய நேரத்திலோ எரியவே எரியாது.

தொடருக்கு ஆறு சிவப்பு எல்இடி, அதற்குமேல் ஒரு கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர் (வோல்ட் ஏறி இறங்கினாலும் கரன்ட்டை ஒரே அளவில் வைக்கும் சுற்று) என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும் என்பதால் அங்கே நான்கோடு நிறுத்துங்கள். ரெசிஸ்டர் மட்டும் போதும் என்ற வாதம் 12 வோல்ட் காரில்கூட அரைகுறையாகத்தான் எடுபடும். இங்கே எடுபடாது.

இதைவிட மோசமானது டிவிஎஸ் டயோடு (திடீரென்று எகிறும் வோல்ட்டைப் பிடித்து நிறுத்தும் டயோடு) தேர்வு. 24 வோல்ட் வண்டிதானே என்று 24 வோல்ட் டிவிஎஸ் போட்டுவிடுகிறார்கள். எஸ்எம்பிஜே24ஏ என்ற டயோடு 26.7 வோல்ட்டிலிருந்தே கடத்தத் தொடங்கக்கூடியது. ஆல்டர்னேட்டர் கொடுக்கும் 28 வோல்ட்டே அதைச் சூடாக்கிக் கருக்கிவிடும். வண்டியின் மின்கருவிகளைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 16750-2 தரம் 24 வோல்ட் அமைப்புக்கு 36 வோல்ட்டை ஒரு மணி நேரம் கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறது. அதனால் 36 வோல்ட் வகைதான் சரி. அது 58 வோல்ட் வாக்கில்தான் பிடித்து நிறுத்தும் என்பதால், டிரைவர் ஐசி குறைந்தது 60 வோல்ட்டாவது தாங்க வேண்டும். காருக்கென்று வாங்கிய 40 வோல்ட் ஐசி இங்கே உதவாது.

ஓடும்போது பேட்டரி கேபிள் கழன்றால் ஆல்டர்னேட்டர் எகிறும். அதற்கு லோட் டம்ப் என்று பெயர். அடக்கி வைக்கும் அமைப்பு ஆல்டர்னேட்டரில் இல்லாவிட்டால் 24 வோல்ட் வண்டியில் அது 151 முதல் 202 வோல்ட் வரை போகும் என்று அதே தரம் வைத்துக்கொள்கிறது. 350 மில்லி நொடி வரை நீடிக்கும். மாட்யூலுக்கு ஒன்றாகப் பத்து சின்ன டிவிஎஸ் இருந்தால் சுமையைப் பத்தும் பகிர்ந்துகொள்ளும் என்று எண்ணுவது தவறு. எது முதலில் கடத்தத் தொடங்குகிறதோ, அதுவே ஏறக்குறைய முழுச் சுமையையும் வாங்கிச் சாகும். அடுத்தது அதற்கடுத்தது என்று வரிசையாகப் போகும். பெரிய டிவிஎஸ் ஒன்றை மின்சாரம் பிரியும் பெட்டியிலேயே வைத்து, மாட்யூலில் சிறியதை வையுங்கள்.

எர்த்தையும் வயரையும் கடைசியில் யோசிப்பது

பிரேக், டெயில், இண்டிகேட்டர் மூன்றின் எர்த்தையும் ஒரே 0.5 சதுர மி.மீ. வயரில் கோத்து, அதை பாடியில் ஒரு ஸ்க்ரூவில் முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? முதல் மழைக்காலம் வரை ஒன்றும் ஆகாது. அப்புறம் துருவேறி, அந்த இணைப்பில் தடை கூடும். இண்டிகேட்டர் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் டெயில் மங்கும், பிரேக்கை மிதித்தால் மூன்றும் தடுமாறும். ஆள் விளக்கை மாற்றுவார். புது விளக்கும் அப்படியே செய்யும்.

வழி இதுதான். ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி எர்த் வயர். எல்லாம் சேஸிஸில் பற்றவைத்த ஒரே ஸ்டட்டுக்கு வர வேண்டும். அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூசுங்கள். பாடி ஷீட்டில் செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். அலுமினிய ஷீட்டும் இரும்புச் சட்டமும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு இன்னும் வேகமாக வரும்.

வயர் தடிமனைக் கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டும். செம்பின் தடை, ஒரு சதுர மி.மீ. வயரில் மீட்டருக்கு 0.0172 ஓம். 12 மீட்டர் பஸ்ஸில் முன்னிருந்து பின்னுக்குப் போய்த் திரும்ப 24 மீட்டர். 0.5 சதுர மி.மீ. வயர் என்றால் மொத்தம் 0.83 ஓம், 2 ஆம்பியர் ஓடினால் 1.65 வோல்ட் வழியிலேயே போய்விடும். 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.55 வோல்ட்தான். எல்இடி கொஞ்சம்தானே இழுக்கும் என்று மெல்லிய வயரைத் தேர்ந்தெடுத்தவர்கள், பின்னால் பக்கவாட்டு மார்க்கர் விளக்கு எட்டை அதே வயரில் சேர்க்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். மாட்யூலர் என்றாலே யாராவது பின்னால் கூட்டுவார்கள் என்றுதான் அர்த்தம். அதற்கு இடம் விட்டுக் கணக்கிடுங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் டெயில் மாட்யூல் லேசாக மினுக்குவதை ‘பேய் வெளிச்சம்’ என்று சொல்லலாம். பிரேக் வயரும் டெயில் வயரும் ஒரே மாட்யூலுக்குள் ஷாட்கி டயோடு வழியாகச் சேரும்போது, சூட்டில் அந்த டயோடு பின்பக்கமாகச் சிறிது கசியும். எல்இடி மினுக்க அதுவே போதும். ஒவ்வோர் உள்ளீட்டிலிருந்தும் எர்த்துக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் கசிவு அந்த வழியில் போய்விடும்.

ஃபிளாஷரை மறந்துவிடுவது

21 வாட் பல்புக்குப் பழகிய ஃபிளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் கருவி), 3 வாட் எல்இடியைப் பார்த்தால் பல்பு போய்விட்டது என்று எண்ணி வேகமாக அடிக்கும். சட்டப்படி நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் இருக்க வேண்டும். இதைச் சமாளிக்க விளக்கோடு 27 ஓம் ரெசிஸ்டரை இணையாகச் செருகுவார்கள். 28 வோல்ட்டில் அது 29 வாட் சூட்டைக் கக்கும். சூடு அதிகமாகிப் பக்கத்தில் உள்ள வயரின் மேலுறை உருகும். எல்இடிக்கான ஃபிளாஷரையே போடுங்கள். மாட்யூல் பழுதானால் அது இழுக்கும் கரன்ட் தெளிவாகக் குறையும்படி டிரைவரை அமையுங்கள். அப்போதுதான் டேஷ்போர்டில் ஓட்டுநருக்குத் தெரியும்.

இரண்டு மாட்யூல் சேர்ந்தால் அது எத்தனை விளக்கு?

வடிவமைப்பாளர்கள் கடைசி நேரத்தில் சறுக்கும் இடம் இது. தனி மாட்யூலுக்கு ஒப்புதல் சான்று இருக்கிறது, அதனால் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் செல்லும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வண்டியில் விளக்குகளைப் பொருத்துவதற்கான ஐ.நா. விதி 48-ன் கணக்கு வேறு. ஒளிரும் பகுதிகள் சேர்ந்து, அவற்றைச் சுற்றி வரையக்கூடிய மிகச் சிறிய நாற்கரத்தில் 60 சதவீதத்தையாவது நிரப்ப வேண்டும்; அல்லது அடுத்தடுத்த பகுதிகளின் இடைவெளி 75 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அப்படியிருந்தால்தான் அது ஒரே விளக்கு. வட்ட மாட்யூல்களைத் தள்ளித் தள்ளி வைக்கும் அழகு இங்கேதான் அடிபடுகிறது. இந்தியாவில் விளக்குகளைப் பொருத்துவதற்கான வாகனத் தொழில் தரம் ஏஐஎஸ்-008. பஸ் பாடிக்கு ஏஐஎஸ்-052. அச்சு வார்ப்பதற்கு முன்பே சோதனை நிலையத்திடம் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள்.

ஒளியிலும் வரம்பு உண்டு. பின் டெயிலுக்குக் குறைந்தது 4 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு), பிரேக்குக்குக் குறைந்தது 60. டெயிலும் பிரேக்கும் ஒரே இடத்தில் எரியும் வகை என்றால், இரண்டும் சேர்ந்த ஒளி டெயில் மட்டும் தரும் ஒளியைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். பளிச்சென்று தெரியட்டும் என்று டெயிலைக் கூட்டினால் இந்த விகிதம் உடையும். பின்னால் வருபவருக்கு பிரேக் பிடித்ததே தெரியாமல் போகும். உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

கோணத்தையும் வண்டியில் வைத்தே பாருங்கள். இண்டிகேட்டர் வெளிப்பக்கம் 80 பாகை, உள்பக்கம் 45 பாகை வரை தெரிய வேண்டும். பின்னால் ஏணியோ பம்பரின் வளைவோ மறைத்தால், மாட்யூல் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

சூடு எங்கே போகும் என்று கேட்காதது

பின்பக்கத்தில் அலுமினியத் தகடு, அதை பாடி இரும்போடு ஒட்டவைத்தால் சூடு இறங்கிவிடும் என்று வரைபடத்தில் இருக்கும். பஸ்ஸின் பின்பக்கமோ ஃபைபர் கிளாஸ். அது சூட்டைக் கடத்தாது. அதற்குப் பின்னால் இன்ஜினும் இருந்தால் உள்காற்றே கொதிக்கும். மாட்யூல் தன் சூட்டைத் தானே காற்றில் விடும்படி சிறகுகள் வைத்துச் செய்யுங்கள். மற்ற மூன்று மாட்யூலும் பக்கத்தில் எரியும்போது சோதியுங்கள்.

சிவப்பும் ஆம்பரும் சூட்டில் வெள்ளையைவிட அதிகமாக மங்கும். எல்இடி விளக்குகளை ஒரு நிமிடம் எரிந்த பிறகும் 30 நிமிடம் எரிந்த பிறகும் அளப்பது இதனால்தான். முதல் நிமிட அளவை மட்டும் வைத்துக்கொண்டு சான்றுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

தண்ணீர்

ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தண்ணீர் புகாது. ஆனால் அந்தச் சோதனை சில்லென்ற விளக்கை மூழ்கடிக்கிறது. நிஜத்தில் ஒரு மணி நேரம் எரிந்து சூடான விளக்கின்மேல்தான் மழையோ வாட்டர் சர்வீஸ் பம்ப்போ அடிக்கும். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, எந்தப் பொடி இடுக்கு கிடைத்தாலும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். முழுக்க மூடி வைப்பது இதற்குத் தீர்வல்ல. காற்று போய்வரவும் தண்ணீர் தடுக்கப்படவும் ஒரு மெம்ப்ரேன் வென்ட் வேண்டும். அதைக் கீழ்நோக்கி, நேரடியாகத் தண்ணீர் அடிபடாத பக்கம் வையுங்கள்.

லென்ஸும் ஓ-ரிங்கும் கச்சிதமாக இருந்தும் தண்ணீர் வந்தால், வயரைப் பாருங்கள். வயரின் செம்பு இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளி, விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல் தண்ணீரை இழுக்கும். வயரின் மறுமுனைக் கனெக்டர் நனைந்தால் தண்ணீர் மீட்டர் கணக்கில் பயணித்து மாட்யூலுக்குள் வந்து சேரும். உள்ளே வரும் முன் ஓரிடத்தில் மேலுறையை உரித்து, இழைகளுக்குள் ஈயம் நன்றாக ஊறும்படி பற்றவைத்து, அந்த இடத்தை எபாக்ஸியில் புதையுங்கள். கனெக்டரில் பயன்படுத்தாத துளைகளை அடைப்பான் போட்டு மூடுங்கள். இவ்வளவு சிறிய வேலையை விட்டுவிட்டு லென்ஸ் கம்பெனியைக் குறை சொல்வது நியாயமில்லை.

அடைக்கும் சிலிகானைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். மூடிய டப்பாவுக்குள் அது செம்புத் தடங்களை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

லென்ஸ், திருகு, தின்னர்

பாலிகார்பனேட் லென்ஸ் அடியைத் தாங்கும், ஆனால் தின்னரைத் தாங்காது. பட்டறையில் பெயின்ட் அடித்த பிறகு சிதறிய துளிகளைத் தின்னர் துணியால் துடைப்பார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இறுக்கிய திருகைச் சுற்றிப் பின்னர் நட்சத்திரம் போல் வெடிப்பு வரும். திருகில் ஊற்றும் லாக் திரவமும் இதையே செய்யும். லென்ஸை நேரடியாக நெருக்காமல், திருகின் அழுத்தத்தை உலோக புஷ் (சிறு குழல்) ஒன்று வாங்கும்படி செய்யுங்கள்.

ஒரு மீட்டர் நீள அக்ரிலிக் லைட் பார் 50 பாகை சூடேறினால் 3.5 மி.மீ. நீளும். அது பூட்டிய இரும்பு 0.6 மி.மீ.தான் நீளும். ஒரு துளை மட்டும் இறுக்கமாக, மற்றவை நீள்துளையாக இருக்க வேண்டும். நீளமான பாருக்குப் பதில் 250 மி.மீ. துண்டுகளாகப் பிரிப்பது இன்னும் நல்லது.

மாற்றும் நாளை நினைக்காதது

இண்டிகேட்டர் கனெக்டரும் ரிவர்ஸ் கனெக்டரும் ஒன்றுபோல் இருந்தால், இரவில் ரோட்டோரம் மாற்றுபவர் ஒருநாள் மாற்றிச் செருகியே தீருவார். ஒன்றை மற்றொன்றில் செருக முடியாதபடி சாவி (பொருத்தும் மேடு, பள்ளம்) வேறுபட்ட கனெக்டர்கள் உண்டு. மாட்யூலுக்கு ஒன்றாக ஒதுக்குங்கள். இரண்டு வருடம் கழித்து வாங்கும் எல்இடி வேறு ஒளித் தொகுதியாக (ஒளி அளவுப்படி பிரித்த வகையாக) இருக்கும். பழைய மாட்யூலுக்குப் பக்கத்தில் புதியது மட்டும் தூக்கலாக எரியும். ஒளித் தொகுதிக்கு ஏற்ற ரெசிஸ்டர் ஒன்றை டிரைவர் பலகையில் வைக்காமல் எல்இடி பலகையிலேயே வைத்தால், டிரைவர் அதைப் படித்துக் கரன்ட்டைச் சரிசெய்துகொள்ளும்.

டிரைவர் 400 கிலோ ஹெர்ட்ஸிலோ 2.2 மெகா ஹெர்ட்ஸிலோ ஓடட்டும். இடைப்பட்ட வேகம் ஏஎம் ரேடியோ அலைவரிசையில் விழுந்து இரைச்சல் தரும்.

பட்டறைக்கு அனுப்பும் பெட்டியில் ஒரு தாளும் வையுங்கள்: பாடியில் வெல்டிங் செய்யும் முன் பேட்டரியின் இரு கேபிளையும் கழற்ற வேண்டும், வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே கவ்வ வேண்டும், அருகிலுள்ள மாட்யூல் கனெக்டரைப் பிடுங்கி வைக்க வேண்டும்.