சிக்னல், ஹோட்டல், 12:30 ஏஎம்: சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில், அதாவது தமிழ்நாட்டில், பத்தாவது வரை படித்த இங்கிலீஷ் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள இந்தச் சுங்கை சிப்புட்டில் தாராளமாகப் போதும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வெள்ளி (ரிங்கிட் காசை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கட்ட வேண்டாம். நம்மைக் கவிழ்ப்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த சொற்கள்தான்.

முதலில் விமான நிலையம், சுருக்கமாக. எம்டேக் என்கிற டிஜிட்டல் வருகை அட்டையை, வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் கூடாமல் குறையாமல் இருக்க வேண்டும். உள்ளூர்த் தமிழர் பெயர்களின் நடுவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று பார்ப்பீர்கள். மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் அது. நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி தெரு. ஊரில் சிக்னல் என்றால் சாலை விளக்கு. இங்கே சிக்னல் என்றால் வண்டியின் ஓரத்தில் மினுக்குகிற விளக்கு. "சிக்னல்ல லெஃப்ட்" என்று கிராப் (போன் செயலியில் கூப்பிடுகிற வாடகைக் கார்) ஓட்டுநரிடம் சொன்னால் அவர் எதைத் தேடுவார்? 'டிராஃபிக் லைட்' என்று சொல்லுங்கள். ஹோட்டல் என்றால் தங்கும் விடுதி மட்டுமே. ராத்திரி பத்து மணிக்குப் பசியோடு 'ஹோட்டல்' கேட்டால் ரூம் வாடகை சொல்வார்கள், சாப்பாட்டுக்கு 'ரெஸ்டாரன்ட்'. ஆட்டோ என்றால் கியர் மாற்றத் தேவையில்லாத கார். ஜெராக்ஸ் இங்கே ஃபோட்டோஸ்டேட், பெட்ரோல் பங்க் பெட்ரோல் ஸ்டேஷன், ஸ்டெப்னி ஸ்பேர் டயர், டிக்கி பூட், ரீசார்ஜ் டாப் அப். லட்சம் என்று இங்கிலீஷில் சொன்னால் சீன முதலாளிக்குப் புரியாது; 'ஹன்ட்ரட் தவுசன்ட்' என்றால் புரியும். வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் "2019-இல் பாஸ்ட் அவுட்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மயங்கி விழுந்ததாக நினைப்பார்.

"ஐ செண்ட் யூ" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம், எங்கேயும் துரத்தவில்லை. வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார். "யூ ஃபாலோ மீ?" என்றால் என் காரிலேயே வருகிறாயா என்று பொருள். பின்னால் நடந்து போக வேண்டாம். 'கோஸ்தான்' என்று கத்தினால் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்கிறார்கள். கப்பல்காரர்களின் 'கோ ஆஸ்டர்ன்' கரையேறி இப்படி ஆகிவிட்டது.

பலகைகள் மலாயில் இருக்கும், ஆனால் வாய்விட்டுப் படித்தால் பாதி இங்கிலீஷ்தான்: தீக்கெட், கவுன்ட்டர், கிளினிக், பார்மாசி. இங்கிலீஷ் 'சி' எழுத்து மலாயில் எப்போதும் 'ச்'சுதான். விடுமுறையைக் குறிக்கும் 'ச்சுத்தி'யைக் 'குட்டி' என்று படித்து விழிப்பவர் நிறையப் பேர். கதவில் 'தாரிக்' என்றிருந்தால் இழுக்கணும். தே தாரிக்கில் வருகிற அதே தாரிக்தான், இழுத்து ஆற்றிய தேநீர். 'தோலாக்' என்றால் தள்ளு.

இதிலெல்லாம் தவறினால் சிரிப்போடு போகும். காசு போகிற இடம் வேறு.

டிக்கெட்டில் '18, சனி, 12:30 ஏஎம்' என்று அச்சடித்திருக்கும். நமக்குச் சனிக்கிழமை இரவு பன்னிரண்டரை என்றால், சனிக்கிழமை சோறு தின்று, ஒரு தூக்கம் போட்டு, எழுந்து கிளம்புகிற நேரம். பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தான் மறுநாள். விடிகிற வரை சனி சனிதான். டிக்கெட் அடிக்கிற கணினிக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அதற்கு நள்ளிரவு 12 அடித்ததுமே சனி பிறந்துவிட்டது. ஆகவே அந்த பஸ் வெள்ளிக்கிழமை இரவே புறப்பட்டுப் போயிருக்கும். சனி இரவு பெட்டியும் கையுமாக ஈப்போ நகரின் அமான்ஜெயா பஸ் டெர்மினலில் நிற்பவரிடம் கவுன்ட்டர் பெண் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு "யெஸ்டர்டே லா, அண்ணே" என்பார்.

போன தீபாவளிக்கு ஒரு தம்பி அப்படித்தான் நின்றார். பஸ் காசு சின்னக் காசு. அந்த பஸ்ஸை நம்பி எடுத்திருந்த திருச்சி விமானமும் சேர்ந்து போனது. அம்மாவுக்கு வாங்கிய மைலோ டின்னோடு லயத்துக்கே (தொழிலாளர் குடியிருப்புக்கே) திரும்பி வந்தார்.

ஊரில் ரயில் டிக்கெட்டில் 00:30 என்று 24 மணிக் கணக்கில் போடுவார்கள். அந்தச் சைபரே நம்மை உஷார்ப்படுத்தும். 12 அப்படி எச்சரிக்காது. அதனால் 12:00 முதல் 3:59 வரை ஏஎம் என்று எதைக் கண்டாலும், டிக்கெட்டில் உள்ள தேதியில் ஒன்றைக் கழியுங்கள். நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய இரவு அதுதான். காலண்டரில் அந்த முந்தின நாள் கட்டத்தில் குறித்து வையுங்கள். 12:30 பிஎம் என்றால் நண்பகல். மலாயில் கேட்டால் 12:30 ஏஎம்முக்கும் 'பாகி' என்பார்கள். அது காலை என்ற சொல், ஆனால் விடியலைக் குறிக்கவில்லை. 'தெங்ஙா ஹாரி' என்றால்தான் மத்தியானம்.

கவுன்ட்டரில் "ஓகே ஆ?" என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் எதற்கும் "கேன், கேன்" என்றுதான் பதில் வரும். கிழமையைச் சொல்லிக் கேளுங்கள்: "ஃப்ரைடே நைட் ஆர் சாட்டர்டே நைட்?" இரண்டில் ஒன்றை அவர் வாயால் சொல்லியே ஆக வேண்டும். சொன்ன பிறகு காசைக் கொடுங்கள். கோலாலம்பூர் விமான நிலைய பஸ் என்றால் கூடவே "டி ஒன் ஆர் டி டூ?" என்பார்கள். ஏர் ஏசியா டெர்மினல் 2. இறங்குமிடம் மாறினால் பெட்டியோடு இன்னொரு ஓட்டம்.

கடைசியாக ஒலி. நமக்கு ஒரே 'ப', இங்கிலீஷுக்கு இரண்டு. பஸ் நிற்கும் கேட் எழுத்தையோ, கார் எண்ணையோ போனில் சொல்லும்போது பினாங்கின் முதலெழுத்தும் பேபியின் முதலெழுத்தும் நம் வாயில் ஒன்றாகிவிடும் (தமிழில் எழுதினாலும் ஒன்றாகவே கிடக்கிறது, பாருங்கள்). உதட்டின் முன்னே உள்ளங்கையை வைத்துச் சொல்லிப் பழகுங்கள்: பினாங்குக்குக் காற்று கையில் அடிக்க வேண்டும், பேபிக்கு அடிக்கக் கூடாது. அப்படியும் சந்தேகம் என்றால் "பி ஃபார் பினாங்" என்று முழுச் சொல்லையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பேராக் கார் எண்கள் பெரும்பாலும் 'ஏ'யில் தொடங்குகின்றன, சுங்கை சிப்புட் கிராப்புக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.