தூர்ந்த கால்வாயைத் தேட அ-பதிவேடு போதும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேங்காப்பட்டணம், குளச்சல், மண்டைக்காடு பக்கம் பழைய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயின் தடம் தேடுகிறவர்கள், வெயிலில் இறங்கும் முன் அந்த இடத்தின் புல எண்ணை (சர்வே எண்) தெரிந்துகொண்டு, தமிழ்நாடு அரசின் இ-சேவை நிலப்பதிவுத் தளத்தில் அ-பதிவேட்டை, அதாவது ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வகையைக் குறித்திருக்கும் கிராமக் கணக்கை, பாருங்கள். கட்டணம் இல்லை. வகைப்பாட்டில் 'வாய்க்கால்' அல்லது 'கால்வாய் புறம்போக்கு' என்று இருந்தால் நீங்கள் தடத்தின் மேல் நிற்க வாய்ப்பு அதிகம்; அது வேறு பாசன வாய்க்காலாகவும் இருக்கலாம்.

திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய இந்தக் கால்வாய் பல இடங்களில் தூர்ந்தும் குப்பை மூடியும் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் போனாலும், அரசு நிலம் தனிப் புல எண்ணோடு பதிவேட்டில் நிற்கும். கிராம வரைபடத்தில் அது நீண்டு ஒடுங்கிய துண்டுகளாக, தென்னந்தோப்புகளுக்கும் வீட்டுமனைகளுக்கும் நடுவே வரிசையாகப் போகும். ஒரு துண்டு கிடைத்தால், வரைபடத்தில் அதை ஒட்டிய அடுத்த துண்டைத் தேடலாம். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பது இதற்குப் பிறகுதான். அப்போது கேள்வியும் தெளிவாக இருக்கும்.

வகைப்பாடு மாற்றப்பட்ட நிலங்களுக்கும், கடல் அரித்துக்கொண்டு போன கரைக்கும் இந்த வழி பயன்படாது. நகர்ப்பகுதிகளுக்கு நகர நில அளவைப் பதிவேடு தனியாக இருக்கிறது. அங்கே அதைத்தான் பார்க்க வேண்டும்.